தட்டில் வளரும் நரம்பணுக்கள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். இப்போது ஓசூரில் இருந்துகொண்டு, பெங்களூரில் செல் வளர்க்கும் ஆய்வகம் ஒன்றுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மறதி நோய், கை நடுங்கும் பார்க்கின்சன், தசைகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். என்று நரம்புச் சிதைவு நோயோடு போராடும் வீட்டார் நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பேர். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகிற பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ என்னைப் பார்த்தால் ஸ்டெம் செல்லைப் பற்றிக் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டெம் செல் மாதிரின்னா என்னங்க? ஊசியா போடுவாங்களா?

இல்லை. இதில் நோயாளியின் உடம்புக்குள் எதுவும் போகாது. அவரிடமிருந்து கொஞ்சம் ரத்தமோ தோலோ வாங்கி, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில், வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து நரம்பணுக்களை வளர்ப்பார்கள். அவருடைய மரபணுக்கள் அந்த நரம்பணுக்களிலும் இருக்கும். நோய் எங்கே தொடங்குகிறது, எந்த மருந்து கொடுத்தால் தணிகிறது என்பதைத் தட்டில் வைத்தே பார்க்கலாம். நோயின் மாதிரி என்று இதைத்தான் சொல்கிறோம்.

ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் செய்கிறார்களே, அது முற்றிலும் வேறு விஷயம். அதற்குக் கீழே தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று நினைத்து நிலத்தை அடமானம் வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

தோலை வச்சு, ரத்தத்தை வச்சு மூளை செல் எப்படிப் பண்ண முடியும்? நம்புற மாதிரி இல்லையே.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் முழு மரபணுத் தொகுப்பும் இருக்கிறது. தோல் செல்லில் தோலுக்கு வேண்டியவை மட்டும் வேலை செய்யும், மற்றவை அடங்கிக் கிடக்கும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனகாவும் கசுதோஷி தகஹாஷியும் 24 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, நான்கு போதும் என்று கண்டார்கள். அந்த நான்கையும் எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தியதும் அது கருவின் ஆரம்ப நாட்களில் இருக்கும் செல்லின் நிலைக்குத் திரும்பியது. இது நடந்தது 2006-ல். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் செய்துவிட்டார்கள். 2012-ல் யமனகாவுக்கும், தவளையில் இதற்கு வழிகாட்டிய ஜான் கர்டனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி வந்த செல்லை ஐ.பி.எஸ். செல் என்பார்கள். கருவுக்குள் மூளை உருவாகும்போது என்னென்ன ரசாயனச் சமிக்ஞைகள் எந்த வரிசையில் கிடைக்குமோ, அதே வரிசையில் இந்தச் செல்லுக்குக் கொடுத்தால் நரம்பணுவாக மாறும். பார்க்கின்சனில் அழியும், டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணு, ஏ.எல்.எஸ்.ஸில் அழியும், தசையை இயக்கும் இயக்க நரம்பணு என்று வேண்டிய வகையை உருவாக்கலாம். ஆனால் பொறுமை வேண்டும். தோல் செல் பெருகச் சில வாரம், மாற்றுவதற்குச் சில வாரம், குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இன்னும் கொஞ்ச காலம், அப்புறம் நரம்பணுவாக்கி முதிரவிட வேண்டும். மொத்தத்தில் பல மாதங்கள். ஸ்டெம் செல்லுக்குப் பெரும்பாலும் தினமும் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும், பொங்கல் அன்றைக்கும்.

நோய் மூளையில இருக்கு. மூளையைப் பார்க்காம எதுக்கு இந்தச் சுத்து வழி?

உயிரோடு இருப்பவர் மூளையிலிருந்து நரம்பணுவை வெட்டி எடுத்து வளர்க்க வழியில்லை. ஸ்கேனில் மூளை சுருங்கியது தெரியும், ஒரு செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. இறந்தபின் தானமாகக் கிடைக்கும் மூளை மிகவும் மதிப்புள்ளதுதான், ஆனால் அதில் நோயின் கடைசிக் கட்டம்தான் இருக்கும். பார்க்கின்சனில் கை நடுக்கம் வெளியே தெரியும் நேரத்திலேயே அந்த வகை நரம்பணுக்களில் பெரும்பங்கு போயிருக்கும். தொடக்கம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை.

எலியை வைத்து நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் மறதி நோய்களில் முக்கியமான அல்சைமர் எலிக்கு இயல்பாக வருவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தித்தான் வரவழைக்கிறார்கள், அப்போதும் நோயின் ஒரு பகுதிதான் வருகிறது. எலியில் நன்றாக வேலை செய்து, மனிதரிடம் தோற்றுப்போன மறதி மருந்துகள் ஏராளம். மனித நரம்பணுவையே, அதுவும் நோயாளியுடையதையே, நோய் தொடங்கும் கட்டத்தில் பார்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது என்பதுதான் இதன் பெருமை.

கருவைக் கலைச்சு எடுக்கிறாங்கன்னு சர்ச்ல சொன்னாங்களே?

கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லும் உண்டு. 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலில் மனிதக் கருவிலிருந்து அதை வளர்த்தார், அதையொட்டிய விவாதம் இன்றும் தீரவில்லை. மேலே சொன்ன ஐ.பி.எஸ். முறைக்குக் கரு தேவையில்லை. நோயாளியின் சொந்த ரத்தமோ தோலோ போதும்.

தட்டுல நாலு செல்லைப் பார்த்து நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறது? செல்லுக்குக் கை நடுங்குமா, மறந்துபோகுமா?

நடுங்காது, மறக்காது. நோய்க்கு அடியில் செல்லுக்குள் என்ன பழுது இருக்கிறது என்பதைத்தான் தேடுகிறோம். 2008-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடும்பத்தில் ஏ.எல்.எஸ். வரும் 82 வயதுப் பெண் ஒருவரின் தோலிலிருந்து ஐ.பி.எஸ். செல்லும், அதிலிருந்து இயக்க நரம்பணுவும் உண்டாக்கிக் காட்டினார்கள். அத்தனை வயதானவரிடமிருந்தும் முடியும் என்று அதில்தான் தெரிந்தது. பிறகு, இப்படிப்பட்ட இயக்க நரம்பணுக்கள் அளவுக்கு மீறி மின் துடிப்பு விடுகின்றன என்று 2014-ல் கண்டார்கள். அந்தத் துடிப்பை மின்முனைகள் பதித்த தட்டில் எண்ணிப் பார்க்கலாம்.

பார்க்கின்சனிலும் இப்படித்தான். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தின் மரபணு சிலருக்கு ஒரு குரோமோசோமில் மூன்று முறை பதிந்திருக்கும், அவர்களுக்குச் சின்ன வயதிலேயே நோய் வரும். அவர்களுடைய செல்லிலிருந்து வளர்த்த நரம்பணுவில் அந்தப் புரதம் இரண்டு மடங்கு இருந்ததை 2011-ல் அளந்து காட்டினார்கள். அல்சைமருக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமான வேலை நடந்தது. தட்டின் தரையில் பரப்பாமல், மனித நரம்பணுக்களைக் கூழ் போன்ற ஒரு பொருளுக்குள் வளர்த்தார்கள். நோய் மரபணு உள்ள செல்களில், அல்சைமர் மூளையின் அடையாளங்களான அமிலாய்டு புரதப் படிவும் டவ் புரத முடிச்சும் ஒருசேர வந்தன. 2014-ல் வந்த இந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். அமிலாய்டு மரபணு மட்டும் புகுத்திய எலிகளில் அந்த முடிச்சுகள் வராததால், படிவிலிருந்து முடிச்சு வருகிறதா என்ற கேள்வி வெகுகாலம் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கப்பா செல்லும் பக்கத்து வீட்டுக்காரர் செல்லும் எப்படியும் வேற வேறதானே? வித்தியாசம் நோயாலதான்னு எப்படிச் சொல்றீங்க?

இந்தத் துறையின் ஆகப்பெரிய தலைவலியே இதுதான். இரண்டு மனிதரிடையே லட்சக்கணக்கான மரபணு வேறுபாடுகள் இருக்கும். தட்டில் தெரியும் வித்தியாசம் அவற்றில் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ஒரே ஆளின் செல்லை இரண்டு தடவை மாற்றினால் இரண்டும் கொஞ்சம் வேறாக நடந்துகொள்ளும்.

இதற்குக் கண்ட வழி, ஒரே ஆளின் செல்லை எடுத்து, மரபணுவில் நோய்க்குக் காரணமான அந்த ஒரு எழுத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு திருத்திவிடுவது. நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரே தாய்மரத்துக் கொம்பில் கட்டிய இரண்டு ஒட்டுக்கன்றுகளை ஒரே தோட்டத்தில் நட்டு, ஒன்றுக்கு மட்டும் உரத்தை மாற்றிப் பார்ப்பது. திருத்தியதும் பழுது மறைந்தால் அந்த எழுத்துதான் காரணம். ஆரோக்கியமான செல்லில் அதே எழுத்தைப் புகுத்தி, பழுது வருகிறதா என்று எதிர்த்திசையிலும் பார்ப்பார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அல்சைமர் வகை நோய்களுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்களை ஒரே அடிப்படை செல் வரிசையில் புகுத்தி, உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. எல்லோரும் ஒரே செல்லில் வேலை செய்தால்தான் ஒருவர் முடிவை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

அப்பாவுக்கு எழுபது வயசு. செல் புதுசா குழந்தை மாதிரி ஆயிடுச்சுன்னா, வயசானவங்க நோய் அதுல எப்படி வரும்?

பாலக்கோட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் கேட்ட கேள்வி இது. ஆய்வாளர்களே இன்றும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். செல்லைப் பின்னோக்கி மாற்றும்போது அதில் படிந்திருந்த வயதின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. அதிலிருந்து வரும் நரம்பணு, பிறக்காத குழந்தையின் நரம்பணுவைப் போல இளமையாக இருக்கும். எழுபது வருடத்தில் வந்த நோயை ஏழு வாரத்தில் எதிர்பார்க்கிறோம் என்பது உண்மையான குறைதான்.

சமாளிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, செல்லை வேண்டுமென்றே முதுமையாக்குவது. முன்முதுமை நோயில் வரும் புரோஜெரின் என்ற புரதத்தைச் செல்லுக்குள் ஏற்றினால் முதுமைக் குறிகள் வருகின்றன என்று 2013-ல் காட்டினார்கள். இரண்டாவது, ஸ்டெம் செல் கட்டத்துக்கே போகாமல் தோல் செல்லை நேராக நரம்பணுவாக்குவது. இதில் வயதின் தடயம் பெரிதும் தங்குகிறது என்று 2015-ல் தெரிந்தது. ஆனால் தோல் செல் அளவோடுதான் பெருகும் என்பதால் நரம்பணுவும் அளவோடுதான் கிடைக்கும். மூன்றாவது, வளர்ப்பில் நச்சோ அழுத்தமோ கொடுத்து, எந்தச் செல் முதலில் தளர்கிறது என்று பார்ப்பது.

என் கருத்து இது: இளம் செல்லிலேயே பழுது தெரிகிறது என்றால் அது ஒரு முக்கியமான சேதி. நோய் எழுபதில் தொடங்கவில்லை, பல பத்தாண்டுகளாக உள்ளே இருந்திருக்கிறது என்று அர்த்தம். மருந்து தேடுபவர்களுக்கு வேண்டியது அந்தத் தொடக்கம்தான்.

எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்க. இவருக்கு மட்டும் வந்திருக்கு. அதுக்கும் இது உதவுமா?

பெரும்பாலானவர்கள் உங்கள் நிலையில்தான் இருக்கிறார்கள். ஒற்றை மரபணுவால் வரும் அல்சைமர் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஏ.எல்.எஸ்.ஸில் குடும்பவழி வருவது பத்தில் ஒரு பங்குதான். ஒற்றை எழுத்தைத் திருத்திப் பார்க்கும் மேற்சொன்ன வழி இவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் எதைத் திருத்துவது?

ஆனாலும் கதவு மூடவில்லை. ஏ.பி.ஓ.இ.4 என்ற மரபணு வகை அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது பல காலமாகத் தெரியும், ஏன் என்பதுதான் தெரியாமலிருந்தது. 2018-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அந்த வகையை ஐ.பி.எஸ். செல்லில் மாற்றி மாற்றிப் பார்த்து, நரம்பணுவோடு அதைச் சுற்றியிருக்கும் துணைச் செல்களும் பாதிக்கப்படுகின்றன, அமிலாய்டை அகற்றும் வேலை குறைகிறது என்று காட்டினார்கள். திருத்தியதும் நிலைமை சீராகியது. நரம்பணுவை மட்டும் பார்த்தால் போதாது, அக்கம்பக்கத்துச் செல்களையும் சேர்த்து வளர்க்க வேண்டும் என்ற பாடம் இதில் கிடைத்தது. ஒருவருக்கு மட்டும் வந்த நோயைப் புரிந்துகொள்ள நிறையப் பேருடைய செல்கள் வேண்டும். நம் பக்கத்து மக்களின் செல்கள் உலகச் சேமிப்பில் மிகக் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

அக்கா மகளைக் கட்டினதாலதான் பையனுக்கு இப்படின்னு ஊரே பேசுது. நெசமா?

பழி சொல்வதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது, தாய் தந்தை இருவரிடமும் ஒரு மரபணுவின் அதே பழுதான பிரதி இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோய்கள் சில உண்டு. இளவயதுப் பார்க்கின்சனில் பார்க்கின், பிங்க்1 என்ற இரண்டு மரபணுக்கள் அப்படிப்பட்டவை. வயதான காலத்தில் வரும் சாதாரண மறதிக்கோ நடுக்கத்துக்கோ சொந்தக் கல்யாணத்தைக் காரணம் காட்டுவது சரியல்ல. மரபணுச் சோதனை செய்யாமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஊர்க்காரர்களால் நிச்சயமாக முடியாது.

பிங்க்1 பழுதானவர்களின் நரம்பணுவைத் தட்டில் வளர்த்து 2011-ல் பார்த்தார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனால் அதை அப்புறப்படுத்த பார்க்கின் புரதம் அங்கே போய்ச் சேர வேண்டும், இந்தச் செல்களில் அது சரியாகப் போகவில்லை. நல்ல பிங்க்1-ஐ உள்ளே கொடுத்ததும் போனது.

மாந்தோப்புக்கு மருந்து அடிச்சு அடிச்சுத்தான் கை நடுக்கம் வந்துச்சுன்னு சொல்றாங்க. அதைத் தட்டுல பார்க்க முடியுமா?

முடியும், பார்த்தும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமான கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் எந்த நிலத்தில் எந்த மருந்து எப்போது அடித்தார்கள் என்று பல பத்தாண்டுகளாகப் பதிவு இருக்கிறது. அதை வைத்து 288 பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளை அலசி, அவற்றில் 53-க்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு தெரிகிறது என்று கண்டார்கள். அதில் 39-ஐ, பார்க்கின்சன் நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த டோபமைன் நரம்பணுமேல் போட்டுப் பார்த்தார்கள். 10 மருந்துகள் அந்தச் செல்களை நேரடியாகக் கொன்றன. 2023-ல் வெளியான அந்தப் பட்டியலில் எண்டோசல்ஃபான், டைக்கோஃபால், புரோபர்கைட் இருக்கின்றன. நாம் போர்டோ கலவைக்குப் போடும் மயில்துத்தமும் இருக்கிறது. பருத்திக்கு ஒன்றாகக் கலந்து அடிக்கும் மருந்துகள் தனித்தனியாக இருந்ததைவிடச் சேர்ந்தபோது அதிக நச்சாக இருந்தன.

இதற்கு முன்பே, 2013-ல், ஆல்ஃபா சைனூக்ளின் மரபணுவில் பிழையுள்ள செல்லையும் அதைத் திருத்திய செல்லையும் பக்கத்தில் வைத்து, பாராக்வாட், மானெப், ரோட்டெனோன் கொடுத்துப் பார்த்தார்கள். பிழையுள்ள செல் சீக்கிரம் அழிந்தது. ஒரே மருந்தை அடித்த இரண்டு பேரில் ஒருவருக்கு நோய் வந்து இன்னொருவருக்கு வராமல் போவதற்கு இது ஒரு விளக்கம்.

தட்டில் செல் செத்தது என்றால் தோட்டத்தில் நின்றவருக்கும் நோய் அதனால்தான் வந்தது என்று ஆகிவிடாது. தட்டில் போட்ட அளவு வேறு, மூச்சிலும் தோலிலும் போய் ஈரலைத் தாண்டி மூளைக்குச் சேரும் அளவு வேறு. ஆனால் அது எச்சரிக்கையாக இருக்கப் போதுமான காரணம். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை போடாமல், காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். அடித்துவிட்டு வந்த துணியை வீட்டுப் பெண்கள் வெறுங்கையால் துவைக்கிறார்கள், அதையும் நிறுத்த வேண்டும்.

ஃபுளோரைடு தண்ணி குடிச்சதாலதான் எங்க ஊர்ல மறதி ஜாஸ்தியா?

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் அடிக்கடி கேட்பது. இந்த இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். முற்றிய நிலையில் முதுகெலும்பு தடித்துத் தண்டுவடத்தை அழுத்தி, கால் பலவீனமாகும். அதைப் பார்த்து நரம்புச் சிதைவு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது வேறு நோய், அதைத் தனியாகக் கண்டறிந்து மருத்துவம் பார்க்க வேண்டும். வயதானவர்களின் மறதி நோய்க்கு ஃபுளோரைடுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை.

குட்டி மூளையே வளர்க்கிறாங்களாமே? அது யோசிக்குமா, வலிக்குமா?

அதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். 2013-ல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்ளிச்சும் ஸ்டெம் செல்லை உருண்டையாக வளரவிட்டு, மூளையின் அடுக்குகளைப் போன்ற அமைப்பு தானாகவே வருவதைக் காட்டினார்கள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இது அதில் மிகச் சிறு துளி. ரத்தக் குழாய் இல்லாததால் நடுப்பகுதி பட்டினியில் செத்துப்போகும். கண், காது, உடம்பு எதிலிருந்தும் அதற்குச் சேதி வருவதில்லை. அதனால் வலியோ யோசனையோ இருப்பதாகக் கருத ஆதாரம் இல்லை. இனிமேல் பெரிதாக, சிக்கலாக வளர்த்தால் என்ன செய்வது என்ற விவாதம் இப்போதே நடப்பது நல்லது.

நோய் ஆராய்ச்சிக்கு இது தட்டைவிட ஒருபடி மேல், ஆனால் உருண்டைக்கு உருண்டை வேறுபடும். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா சாதாரண ஆர்கனாய்டில் வராது, தனியாக உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். மருந்து அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் விலங்குக்குப் பதிலாக இத்தகைய முறைகளையும் பயன்படுத்த 2023-ல் நம் நாட்டு விதிகள் இடம் கொடுத்தன.

இத்தனை வருஷமா பண்றாங்களே, ஒரு மாத்திரையாவது வந்துச்சா பாப்பா?

நோயைக் குணமாக்கும் மாத்திரை என்று காட்ட இன்னும் எதுவும் இல்லை. ஆனால் தட்டிலிருந்து நோயாளி வரை போன முயற்சிகள் இருக்கின்றன. துடிப்பு கூடிய இயக்க நரம்பணுவைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதை அடக்க ரெட்டிகபைன் என்ற வலிப்பு மருந்தைத் தேர்ந்தெடுத்து 65 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தார்கள். தட்டில் கண்டதைப் போலவே மனிதரிலும் துடிப்பு குறைந்தது. நோய் மெதுவானதா என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய சோதனை இல்லை. என்றாலும் தட்டு சொன்னது உடம்பிலும் உண்மையாக இருந்தது பெரிய விஷயம்.

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை நோயாளிகளின் நரம்பணுவில் போட்டு, ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மருந்தைக் கண்டெடுத்து, 20 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஒரு வருடக் கணக்கில் நோய் முற்றுவது ஏறத்தாழ 28 வாரம் தள்ளிப்போனதாகத் தெரிந்தது. 20 பேர் என்பது குறைவு, பெரிய சோதனை வேண்டும். குழந்தைகளுக்கு வரும் எஸ்.எம்.ஏ. என்ற தசை பலவீன நோய்க்கு 2020-ல் அனுமதி பெற்ற ரிஸ்டிப்ளாமை எடுத்துக்கொண்டால், அந்த வகை மருந்துகளை உருவாக்கும்போது நோயாளிகளின் தோல் செல்லிலும் ஐ.பி.எஸ். வழி வந்த இயக்க நரம்பணுவிலும் சோதித்துத்தான் முன்னேறினார்கள்.

அப்போ ரோபினிரோல் கடையில கிடைக்குதே, வாங்கிக் கொடுத்துடலாமா?

வேண்டாம். மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, திடீர்த் தூக்கம், மனக்குழப்பம் எல்லாம் அதன் பக்கவிளைவுகள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

ஜப்பான்ல மூளைக்குள்ளயே செல்லை வச்சாங்களாமே. இங்கயும் ஒரு ஆஸ்பத்திரில ஊசி போட்டா சரியாகும்னு லட்சக்கணக்குல கேட்கிறாங்க. போடலாமா?

கியோட்டோவில் நடந்தது உண்மை. வேறு ஒருவரின் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து உண்டாக்கிய டோபமைன் செல்களை ஏழு பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைத்து, இரண்டு வருடம் கண்காணித்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான பாதகம் ஏதும் வரவில்லை, சிலருக்கு அசைவு மேம்பட்டது. நம்பிக்கை தரும் தொடக்கம்தான், ஆனால் அதற்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு, எத்தனை கண்காணிப்பு என்று யோசியுங்கள்.

இங்கே விளம்பரத்தில் வருவது அந்தச் சிகிச்சை அல்ல. பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ தொப்புள் கொடியிலிருந்தோ எடுத்த செல்லை ரத்தத்திலோ முதுகுத் தண்டிலோ ஏற்றுகிறார்கள். அது மூளையில் நரம்பணுவாக மாறி இழந்ததை ஈடுசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம். பரிசோதனை என்றால் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதனைப் பதிவு எண் இருக்கிறது என்று காட்டினாலும், அந்த எண் மட்டும் அனுமதி ஆகாது. தயவுசெய்து நிலத்தை விற்காதீர்கள். அந்தப் பணம் இருந்தால் பிசியோதெரபிக்கும், பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கும் ஆகும், அதில் நோயாளிக்கு நிச்சயப் பலன் உண்டு.

ரத்தம் கேட்கிறாங்க. கொடுத்தா எங்களுக்கு என்ன கிடைக்கும்? அப்பா போயிட்டா அந்த செல்லை என்ன பண்ணுவாங்க?

நேரடியாக உங்களுக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது. ஐ.பி.எஸ். செல் வரிசை ஒன்று உருவாகிவிட்டால் உறைய வைத்துப் பல பத்தாண்டு பாதுகாக்கலாம், அவருக்குப் பின்னும் அதில் ஆராய்ச்சி நடக்கும். வேறு ஆய்வகங்களுக்குப் பகிர்வார்களா, மருந்துக் கம்பெனிக்குக் கொடுப்பார்களா, பரம்பரை நோய் தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சொல்வார்களா, பாதியில் விலகலாமா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழிலோ, தெலுங்கோ கன்னடமோ பேசுகிற வீடாக இருந்தால் அந்த மொழியிலோ வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மறுத்தால் உங்கள் வைத்தியம் எந்த விதத்திலும் பாதிக்கப்படக் கூடாது. மறதி முற்றியவருக்காக வீட்டார் கையெழுத்துப் போடும்போது, அவர் தெளிவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் போடுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இந்த வேலை நடக்கிறது. நிம்ஹான்ஸும், பெங்களூரின் ஆய்வு நிறுவனங்களான என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் இரண்டும் சேர்ந்து 2016 முதல் மனநோயும் மறதி நோயும் உள்ள குடும்பங்களின் ஐ.பி.எஸ். செல்களை உருவாக்கி வருகின்றன. எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். மாம்பழத்துக்குப் பேர்போன அங்குள்ள சீனிவாசபுரம் கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வை இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. 10,000 பேரைச் சேர்ப்பது இலக்கு. அது ஸ்டெம் செல் ஆய்வல்ல, ஆனால் நம்மைப் போன்ற கிராமத்து மூளை எப்படி முதுமை அடைகிறது என்று அதிலிருந்துதான் தெரிய வேண்டும்.

எங்கப்பா செல்லுல மருந்தைச் சோதிச்சு, அவருக்குன்னே ஒரு மருந்து பண்ண முடியாதா?

ஒற்றை மரபணுப் பிழையால் வரும் மிக அரிய நோய்களில் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பேட்டன் என்ற நரம்புச் சிதைவு நோய் வந்த ஒரு சிறுமிக்காக, அவளுடைய பிழைக்கு மட்டும் பொருந்தும் மருந்தை வடிவமைத்து, அவளுடைய தோல் செல்லில் சோதித்து, 2018-ல் கொடுக்கத் தொடங்கினார்கள். மிலாசென் என்று அதற்குப் பெயர். வலிப்பு குறைந்தது. ஆனால் நோய் ஏற்கெனவே முன்னேறியிருந்தது, 2021-ல் அவள் இறந்துவிட்டாள்.

எழுபது வயதில் வந்த பார்க்கின்சனுக்கோ அல்சைமருக்கோ இந்த வழி இன்று கிடையாது. காரணம் ஒரு பிழையாக இல்லை, செல்லைத் தயார்செய்யவே பல மாதம் ஆகும், தட்டில் நன்றாக இருந்தது உடம்பில் அப்படியே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. இப்போது நடப்பது, நோயாளிகளின் செல்களை வகைப்படுத்தி, எந்த வகைக்கு எந்த மருந்து பொருந்தும் என்று பார்ப்பது. ரோபினிரோல் சோதனையில் பங்கேற்றவர்களின் செல்களையே தட்டிலும் வளர்த்து ஒப்பிட்டார்கள். யாருடைய செல் மருந்துக்கு நன்றாகப் பதில் சொன்னதோ, அவர்களுக்கே உடம்பிலும் பலன் கூடுதலாக இருந்த போக்கு தெரிந்தது. பெரிய சோதனைகளிலும் இது நின்றால், மருந்து தொடங்கும் முன்பே யாருக்குக் கேட்கும் என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.